சரித்திரத்தின் தராசில் ஜே. ஆர். ஜெயவர்த்தனா
(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)



பட்டப்படிப்பில் சரித்திரத்தை ஒரு பாடமாகக் கற்கிறேன் என்ற ஒரே காரணத்துக்காக இம்மேடையில் என்னை ஏற்றியிருக்கிறீர்கள். நான் பேசப்போகும் காலத்தை உங்களிற் பலர் வாழ்ந்து கடந்தவர்கள். நானோ புத்தகத்திற் படித்தவன். ஆகவே என் பேச்சிற் குறை கண்டால் கூட்டம் முடிந்தபின் என்னைத் தனியே அழைத்துத் திருத்துமாறு பெரியோர்களை முதலிலேயே வேண்டிக்கொள்கிறேன்.

இலங்கையின் நிறைவேற்று அதிகாரமுள்ள முதல் ஜனாதிபதி ஜூனியஸ் ரிச்சர்ட் ஜெயவர்த்தனாவைப் பற்றிப் பேச எண்ணியுள்ளேன். "அவரைப் பற்றியா? நம்முடைய சங்கத்திலா?" என்று சிலர் புருவத்தை உயர்த்துவது தெரிகிறது. அந்தப் புருவந்தான் என் விஷயம். ஒரு மனிதரைப் பற்றிய மதிப்பு ஏன் ஒரு காலத்தில் உயர்கிறது, ஏன் பிறகு தாழ்கிறது, ஏன் ஓர் ஊரில் கும்பிடப்படுபவர் இன்னோர் ஊரிற் சபிக்கப்படுகிறார் என்பதை ஆராய இவரைவிடச் சிறந்த உதாரணம் நம் நாட்டில் இல்லை.

முதலில் எங்கள் லயத்து வீட்டுச் சுவரிலிருந்து ஆரம்பிக்கிறேன். எங்கள் வீட்டில் ஒரு பழைய கண்ணாடிச் சட்டம் உண்டு. 1977ஆம் ஆண்டில் என் பாட்டனார் அதில் ஒரு படத்தை மாட்டினார். தேர்தல் சுவரொட்டியிலிருந்து வெட்டி எடுத்த ஜே. ஆர். படம். அப்போது என் பாட்டனாருக்கு வாக்குரிமை இல்லை. இருந்தும் மாட்டினார். 1973, 74ஆம் ஆண்டுகளில் தோட்டங்களைப் பிடித்த பஞ்சத்தில் அவர் தம் தாயாரை இழந்தவர். அரிசி இல்லை, மாவுக்கு வரிசை. அந்தக் காலம் முடியட்டும் என்ற ஆசைதான் அந்தப் படம்.

1983 ஆடி மாதத்தில் அந்தப் படம் இறங்கியது. டவுனிற் கடை வைத்திருந்த உறவினரின் கடை எரிந்தது. அவர்கள் குழந்தைகளோடு தேயிலைச் செடிகளுக்குள் இரண்டு இரவு ஒளிந்திருந்துவிட்டு எங்கள் லயத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அன்று என் பாட்டியார், "இந்த மனுசன் மூஞ்சி இனி இந்த வீட்டுல இருக்கக் கூடாதுங்க" என்று சொல்லிப் படத்தை எடுத்து அடுப்பில் வைத்தாராம். பாட்டனார் ஒன்றும் பேசவில்லை. சட்டம் மாத்திரம் வெறுமையாகத் தொங்கியது.

1989இல் அதே சட்டத்துக்குள் வேறொரு தாள் வந்தது. அது என் பாட்டனாரின் பிரசாவுரிமைப் பத்திரம். அந்தப் பத்திரத்தை வழங்க வழிசெய்த 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டம், எந்த மனிதரின் படம் அடுப்பில் எரிந்ததோ அவருடைய ஆட்சியில் நிறைவேறிய சட்டம்! ஒரே சட்டம், ஒரே ஆணி, பன்னிரண்டே ஆண்டுகள். அதற்குள் நம்பிக்கை, வெறுப்பு, உரிமை மூன்றும் வந்து போய்விட்டன. சரித்திர மாணவனுக்கு இதைவிடப் பெரிய பாடப் புத்தகம் வேண்டுமா?

அன்பர்களே, இது நம் நாட்டுக்கு மாத்திரம் உரிய விசித்திரமன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டைப் பாருங்கள். ஹரி ட்ரூமன் 1953ஆம் ஆண்டு தை மாதத்தில் பதவியை விட்டிறங்கியபோது அவரை மெச்சியவர்கள் மிகச் சிலரே. கொரிய யுத்தம் முடியவில்லை. ஊழற் புகார்கள் வேறு. ஆனால் சில தசாப்தங்கள் கழிந்தபின் அதே நாட்டுச் சரித்திராசிரியர்கள் அவரைச் சிறந்த ஜனாதிபதிகளின் வரிசையில் வைத்தார்கள். இதற்கு மாறாக ஆண்ட்ரூ ஜாக்சன் நூறாண்டுக்கு மேலாகச் சாமானியரின் தலைவர் என்று போற்றப்பட்டவர். இருபது டாலர் நோட்டில் அவர் படம் இடம்பெற்றது. ஆனால் 1830இல் அவர் கையெழுத்திட்ட சட்டமொன்று ஆதிக்குடிகளை அவர்களுடைய சொந்த நிலத்திலிருந்து மேற்கே பெயர்த்தது. அதன் விளைவாக 1838, 39இல் நடந்த பயணத்தில் செரோக்கி மக்கள் ஆயிரக்கணக்கில் வழியிலேயே மாண்டார்கள். இன்று ஜாக்சன் பெயரைச் சொன்னால் அந்தப் பயணமும் கூடவே நினைவுக்கு வருகிறது.

ஜாக்சன் செய்தது புதிதாகத் தெரிய வந்த இரகசியம் ஒன்றுமன்று. அது முன்பே தெரிந்ததுதான். மாறியது என்ன? கேள்வி கேட்போர் மாறினார்கள். பெயர்க்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய், படித்து, "எங்கள் பாட்டன்மாருக்கு நீங்கள் செய்தது என்ன?" என்று கேட்டார்கள். தராசு அதே தராசு. இதுவரை வைக்கப்படாத ஒரு படிக்கல் அதில் வைக்கப்பட்டது. அந்தப் படிக்கல்லைத்தான் இன்று நான் கையில் எடுத்து வந்திருக்கிறேன்.

இனி ஜே. ஆரின் வாழ்வுக்கு வருவோம். அவர் 1906ஆம் ஆண்டு புரட்டாதி 17ஆந் தேதி கொழும்பில், நீதிபதி ஒருவரின் மூத்த மகனாகப் பிறந்தார். கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்து, வாலிபத்திற் பௌத்தரானார். 1943இல் களனித் தொகுதி இடைத்தேர்தலில் வென்று அரசாங்க சபைக்குள் நுழைந்தார். மறு ஆண்டே சிங்களத்தை ஆட்சிமொழியாக்க வேண்டுமென்று பிரேரணை கொண்டுவந்தார். அது பின்னர் தமிழையும் சேர்த்துத் திருத்தப்பட்டு நிறைவேறியது. அத்திருத்தத்தை அவரும் ஏற்றார். 1947இல் சுதந்திரத்தின் வாயிலில் அமைந்த டி. எஸ். சேனாநாயக்காவின் மந்திரிசபையில் அவர் நிதி மந்திரி.

அவருடைய கீர்த்தி முதன்முதல் கடல் கடந்தது 1951ஆம் ஆண்டு புரட்டாதியில். சான்பிரான்சிஸ்கோ நகரில் ஜப்பானுடன் சமாதான உடன்படிக்கை செய்யக் கூடிய மகாநாட்டில், இலங்கையின் சார்பில் எழுந்து, புத்தர் போதனையை எடுத்துக்காட்டி, பகை தீர அன்பே வழி என்று பேசினார். ஜப்பானிடம் இலங்கை நஷ்டஈடு கேட்காது என்றும் அறிவித்தார். ஜப்பானியர் அதை இன்றுவரை மறக்கவில்லை. காமகுரா நகரில், பெரிய புத்தர் சிலை உள்ள ஆலயத்தில், அவருக்கு 1991இல் ஒரு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். அங்கே போய் ஜே. ஆர். எப்படிப்பட்டவர் என்று கேட்டால், "கருணையாளர்" என்றே பதில் வரும்.

ஆனால் அதே மனிதர் ஆறாண்டுகளின் பின், 1957 ஐப்பசியில், பண்டாரநாயக்கா செல்வநாயகம் ஒப்பந்தத்தை எதிர்த்துக் கொழும்பிலிருந்து கண்டிக்குப் பாதயாத்திரை புறப்பட்டார். யாத்திரை இம்புல்கொடையில் தடுத்து நிறுத்தப்பட்டது. ஒப்பந்தமோ மறு ஆண்டு கிழித்தெறியப்பட்டது. அன்பே வழி என்று அயல்நாட்டிற் சொன்னவர், சொந்த நாட்டில் ஒரு சமரசத்துக்கு எதிராக நடந்தார். இந்த இரட்டை முகத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நமக்கு நெருக்கமான கணக்கு இதற்கு முன்பே தொடங்குகிறது. 1947 தேர்தலில் நம் மக்கள் வாக்களித்து இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களைப் பெற்றது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் கே. குமாரவேலு, மஸ்கெலியாவில் ஜி. ஆர். மோத்தா, நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம், பதுளையில் எஸ். எம். சுப்பையா, அளுத்நுவரவில் டி. இராமானுஜம். வேறு பல தொகுதிகளில் நம் வாக்கு இடதுசாரிகளின் வெற்றிக்கும் உதவியது. ஆட்சியிலிருந்தோர் இதைக் கண்டு அஞ்சினார்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் பிறந்தது.

அச்சட்டப்படி, இங்கே பிறந்தாலும் போதாது. தந்தையும் இங்கே பிறந்தவரென்றோ, பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்களென்றோ காட்ட வேண்டும். பிறப்புப் பதிவே அபூர்வமாயிருந்த தோட்டத்தில் பூட்டனின் பத்திரத்துக்கு எங்கே போவது? அடுத்து வந்த 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் மனுச் செய்தும், சுமார் 1,34,000 பேருக்கே பிரசாவுரிமை கிடைத்தது. அதே ஆண்டில் தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டு வாக்கும் பறிபோயிற்று. 1952 தேர்தலில் நம் சார்பில் பாராளுமன்றத்தில் ஒருவருமில்லை. இவற்றைச் செய்த மந்திரிசபையில் ஜே. ஆரும் ஒருவர். பிரதமர் டி. எஸ். சேனாநாயக்காவின் பெயரே முன்னிற்கிறது. என்றாலும் உடன் அமர்ந்தவருக்கும் பங்குண்டு.

பிறகு 1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிபாதியாகப் பங்கிட்டன. ஆட்டுப்பட்டியைப் பங்கு பிரிப்பது போலப் பிரித்தார்கள். என் பாட்டனாரின் தமையனார் தலைமன்னாரிற் கப்பலேறி, கூடலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனார். மலை மாறவில்லை, செடி மாறவில்லை; குடும்பந்தான் இரண்டாயிற்று.

இப்படியிருக்க 1977 வந்தது. ஜே. ஆரின் கட்சி 168 ஆசனங்களில் 140ஐ வென்றது. நுவரெலியா மஸ்கெலியாத் தொகுதியின் மூன்று அங்கத்தவர்களில் ஒருவராகத் தொண்டமான் அவர்கள் பாராளுமன்றத்துக்குத் தெரிவானார்கள். வெற்றிக் களிப்பு ஆறுமுன் ஆவணியிற் கலவரம் வெடித்துத் தோட்டங்களையும் தாக்கிற்று. பல குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடின. ஆயினும் மறு ஆண்டில் தொண்டமான் அவர்கள் மந்திரியானார்கள். 1978 புரட்டாதி 7ஆந் தேதி நடைமுறைக்கு வந்த புதிய அரசியலமைப்பு, பரம்பரைப் பிரசை என்றும் பதிவுப் பிரசை என்றும் இருந்த வேற்றுமையை நீக்கியது. தமிழைத் தேசிய மொழியென ஏற்றது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. கடைகளில் சாமான் நிறைந்தது. மகாவலித் திட்டம் துரிதமாயிற்று. அந்த ஆண்டுகளில் ஜே. ஆரின் நட்சத்திரம் உச்சியில் நின்றது.

உச்சியில் நிற்கும்போதுதான் வழுக்கலும் வருகிறது. 1980 ஆடியில் வேலைநிறுத்தம் செய்த அரசாங்க ஊழியர்கள் பல்லாயிரவர் வேலையிழந்தனர். அதே ஆண்டு ஐப்பசியில் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் குடியியல் உரிமைகள் பறிக்கப்பட்டன. 1982 ஐப்பசியில் ஜே. ஆர். மீண்டும் ஜனாதிபதியானார். உடனே, பொதுத் தேர்தல் நடத்துவதற்குப் பதிலாக, மார்கழியில் ஒரு சர்வஜன வாக்கெடுப்பு நடத்திப் பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறாண்டுக்கு நீட்டினார். தம் கட்சி அங்கத்தவர்களிடம் தேதியிடாத இராஜிநாமாக் கடிதங்களையும் வாங்கி வைத்துக்கொண்டார். ஜனநாயகத்தின் வீட்டைக் கட்டியவர் என்ற பெயர் போய், சாவியைத் தம் மடியிற் கட்டிக்கொண்டவர் என்ற பெயர் வந்தது.

1983 ஆடியைப் பற்றி நான் நீட்டிப் பேச வேண்டியதில்லை. இச்சபையில் அதைக் கண்ணாற் கண்டவர்கள் இருக்கிறீர்கள். கொழும்பு எரிந்தது, வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர், நுவரெலியாவும் பதுளையும் தீயைக் கண்டன. நாட்டின் தலைவர் வாய் திறந்து மக்களுக்குப் பேசியது ஆடி 28ஆந் தேதி. அந்தப் பேச்சில் இறந்தவர்களுக்காகவும் வீடிழந்தவர்களுக்காகவும் ஓர் ஆறுதல் வார்த்தை இல்லை.

பாரதக் கதையில் துரியோதனனின் சபையில் திரௌபதி நின்று நியாயம் கேட்டபோது பீஷ்மர் வாளாவிருந்தார். அவர் துகிலில் கைவைக்கவில்லை. எனினும் அந்த மௌனம் அவரை இன்றுவரை விட்டகலவில்லை. பெரிய ஆசனத்தில் இருப்பவனுக்கு மௌனமும் ஒரு செயல்தான். ஜே. ஆரின் மதிப்பு தமிழ் மக்களிடையே எந்த நாளில் வீழ்ந்தது என்று கேட்டால், தீயிட்ட நாளைவிட, அவர் பேசிய அந்த நாளையே நான் சொல்வேன்.

இங்கே இந்தக் கதையை முடித்துவிட்டால் கைதட்டு வாங்குவது சுலபம். ஆனால் எங்கள் வீட்டுச் சட்டத்துக்குள் இருக்கும் பத்திரம் என்னை விடவில்லை. அது எப்படி வந்தது?

1985இல் திம்புவில் நடந்த பேச்சுவார்த்தையில், தமிழ் இயக்கங்களும் கட்சிகளும் முன்வைத்த நான்கு கோட்பாடுகளில் நான்காவது, இத்தீவைத் தம் நாடாகக் கொண்ட தமிழர் அனைவருக்கும் பிரசாவுரிமை வேண்டும் என்பது. வடக்கில் யுத்தம் மூண்டிருந்தது. மலையக வாலிபர்களும் அந்த வழியே போய்விடுவார்களோ என்ற அச்சம் கொழும்புக்கு இருந்தது. இந்தியாவும் அழுத்திக் கேட்டது. இந்தியா ஏற்க வேண்டிய 6,00,000 பேரில் 5,06,000 பேரே இந்தியப் பிரசாவுரிமைக்கு மனுச் செய்திருந்தனர். மிச்சம் 94,000 பேர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் நின்றார்கள். கப்பற் போக்குவரத்தும் 1984இல் நின்றுவிட்டது.

இந்த வேளையில் நம் மக்கள் எடுத்த ஆயுதம் என்ன? 1986ஆம் ஆண்டு தைப்பொங்கலன்று, காலையில் கொழுந்து மலைக்குப் போகாமல், பிரார்த்தனையில் அமர்ந்தார்கள். கல் எறியவில்லை; கத்தி எடுக்கவில்லை; மாரியம்மன் கோயில் வாசலில் உட்கார்ந்து தேவாரம் பாடினார்கள். நம் பெரியோர்களிற் பலர் அந்த வரிசையில் அமர்ந்தவர்கள். தேயிலை முற்றிப் போனால் நாட்டின் அந்நியச் செலாவணி என்னாகும் என்பதை ஜே. ஆர். அறிந்தவர், அவர் பழைய நிதி மந்திரியல்லவா? பேச்சு நடந்தது. அந்த ஆண்டிலேயே 5ஆம் இலக்கச் சட்டம் 94,000 பேருக்கு வழிவிட்டது. 1988இல் 39ஆம் இலக்கச் சட்டம், ஒரு சத்தியக் கடதாசியைக் கொண்டே பிரசாவுரிமையை உறுதிப்படுத்த இடமளித்தது. நாற்பதாண்டு காலம் பூட்டனின் பத்திரத்தைக் கேட்ட அரசாங்கம், முடிவில் நம் மக்களின் சொந்த வாக்குமூலத்தை ஏற்றது.

இதில் இன்னொரு விந்தையும் உண்டு. ஜே. ஆர். உண்டாக்கிய ஜனாதிபதி முறையில் நாடு முழுவதும் ஒரே தொகுதி. வேட்பாளர் பாதிக்கு மேல் வாக்குப் பெறவேண்டும். ஆகவே மலைநாட்டுத் தோட்டத்து வாக்குக்குத் திடீரென்று விலை ஏறியது. 1988 மார்கழித் தேர்தலில் பிரேமதாசா பெற்றது நூற்றுக்கு ஐம்பதைச் சற்றே தாண்டிய வாக்கு. எந்த ஆசனம் ஒருவரை எதேச்சாதிகாரத்துக்கு இட்டுச் சென்றதோ, அதே ஆசனத்துக்கு ஏறும் படியில் நம் மக்களின் கையும் அவசியமாயிற்று.

ஆகவே பிரசாவுரிமையை ஜே. ஆர். தானமாகக் கொடுத்தாரா? இல்லை. நாம் வாங்கினோமா? வாங்கினோம், ஆனால் கொடுக்கும் நிலையில் இருந்தவர் கொடுக்க மறுத்திருக்கவும் முடியும். அவருக்கு முன்னிருந்தோர் மறுத்தார்கள். இந்த இரண்டு உண்மைகளையும் ஒரே கையிற் பிடிப்பதுதான் கஷ்டம். அதுதான் சரித்திரம் கற்பதன் பயனும்.

1987 ஆடி 29ஆந் தேதி ராஜீவ் காந்தியுடன் அவர் செய்த ஒப்பந்தமும், அதையொட்டி வந்த 13ஆவது திருத்தமும், மாகாண சபைகளையும் தமிழுக்கு ஆட்சிமொழி என்ற இடத்தையும் தந்தன. அதற்காகத் தெற்கே அவரைத் துரோகி என்றார்கள். அந்த ஆவணியிற் பாராளுமன்றக் கட்டிடத்திற்குள்ளேயே அவரிருந்த கூட்டத்தில் கைக்குண்டு வீசப்பட்டது. வடக்கிலும் சமாதானம் வரவில்லை. 1989 தை 2ஆந் தேதி அவர் பதவியை விட்டிறங்கியபோது நாட்டின் இரு முனையும் எரிந்துகொண்டிருந்தது. 1996 கார்த்திகை முதலாந் தேதி, தமது 90ஆவது வயதிற் காலமானார்.

அதன்பின் அவர் பெயர் ஏறியும் இறங்கியும் வந்திருக்கிறது. பொருளாதாரம் பேசுவோர், கதவைத் திறந்தவர் என்று அவரைப் புகழ்கிறார்கள். 2022இல் நாட்டு மக்கள் காலிமுகத்திடலிற் கூடி நின்றபோது, நிறைவேற்று ஜனாதிபதி முறையே ஒழிய வேண்டும் என்ற குரலும் எழுந்தது. அப்போது 1978இல் அதை உண்டாக்கியவர் மீண்டும் குற்றவாளிக் கூண்டில் ஏறினார். ஜப்பானில் அவர் கருணையாளர். யாழ்ப்பாணத்தில் 1981இல் நூல்நிலையம் எரிந்தபோது ஆட்சியிலிருந்தவர். நம் மலைநாட்டிலோ, வீட்டுக்கு வீடு, ஆளுக்கு ஆள் வேறு வேறு பதில்.

என் மிஷன் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் கற்பித்த ஆசிரியர் ஒருவர், "தேதிகளை மனப்பாடம் செய், தீர்ப்பை மனப்பாடம் செய்யாதே" என்பார். அந்த வார்த்தையைப் பற்றிக்கொண்டு, என் சிற்றறிவுக்கு எட்டிய மூன்றை வாலிபர்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, ஒருவரை எடைபோடும்போது அவருடைய எந்த நாளையும் தட்டிலிருந்து எடுத்துவிடக் கூடாது. 1988ஐ வைத்து 1983ஐ மறைப்பது நன்றியுணர்வு அன்று, அது மறதி. 1983ஐ வைத்து 1988ஐ மறைப்பது ரோஷம் அன்று, அதுவும் மறதியே. நடுவுநிலைமைக்கென்று வள்ளுவர் ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். அது நீதிபதிகளுக்கு மட்டும் எழுதியதன்று.

இரண்டாவது, தலைவர்களின் கதையை மட்டும் படித்தால் உரிமைகள் வானத்திலிருந்து விழுந்தன போலத் தோன்றும். பொங்கலன்று கோயில் வாசலில் அமர்ந்த பெண்களின் பெயர்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஜே. ஆருக்கு இரு பாகங்களில் பெரிய வாழ்க்கைச் சரிதம் எழுதப்பட்டிருக்கிறது. நம் பாட்டிமாருக்கு ஒரு பக்கங்கூட இல்லை. அந்தப் பக்கம் எழுதப்படாதவரை தராசு ஒருபக்கம் சாய்ந்தே நிற்கும்.

மூன்றாவது, வேலை முடியவில்லை. விடுபட்டோருக்கென்று 2003இல் 35ஆம் இலக்கச் சட்டமும் வந்தது. பிரசாவுரிமைக் கணக்கு ஏறத்தாழத் தீர்ந்தது. ஆனால் பத்திரம் மாட்டியிருக்கும் சுவர் இன்னும் நமக்குச் சொந்தமில்லை. பல தோட்டங்களில் லயத்துக் காம்பராவும் அதைச் சுற்றிய நிலமும் கம்பெனியின் கையிலேயே இருக்கின்றன. நம் முன்னோர் வந்து இருநூறாண்டு ஆயிற்றென்று 2023இல் நினைவுகூர்ந்தோம். காணியுரிமையைக் கொடுத்தவர் யார், மறுத்தவர் யார் என்று நம் பேரப்பிள்ளைகளும் ஒருநாள் தராசு தூக்குவார்கள். அன்று, "நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று நம்மையும் கேட்பார்கள்.

பெரியோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். 1948ஐப் பற்றி உங்கள் தாய் தந்தையர் சொன்னதையும், 1974இன் பஞ்சத்தையும், 1977ஐயும், 1983ஐயும், 1986இன் பிரார்த்தனையையும் எங்களுக்குச் சொல்லுங்கள். கசப்பாயிருந்தாலும் சொல்லுங்கள், நீங்கள் ஒருவரோடொருவர் மாறுபட்டாலும் சொல்லுங்கள். நாங்கள் எழுதி வைக்கிறோம். ஒரு பயிற்சிக் கொப்பியும் ஒரு பேனையும் போதும். சங்கத்து வாலிபர்கள் ஒவ்வொருவரும் மாதம் ஒரு பெரியவரைச் சந்தித்து எழுதினால், அடுத்த ஆண்டு மலர் வெளிவரும்போது நம் நூல்நிலையத்தில் ஒரு சிறு அலுமாரி நிறைந்திருக்கும்.

இச்சொற்பொழிவைத் தயாரித்தபோது, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் பாட்டனாரிடம், "தாத்தா, அந்த ஜே. ஆர். நல்லவரா, கெட்டவரா?" என்று கேட்டேன். அவர் நெடுநேரம் சட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தாளு நல்லவனா கெட்டவனான்னு எனக்குத் தெரியாதுய்யா. நாப்பத்து நாலு வயசுல ஓட்டுப் போடப் போனேன். பொட்டிக்கிட்ட போறப்ப எங்கம்மா ஞாபகம் வந்துச்சு. அது போதும்" என்றார்.

பாட்டியார் அடுப்படியிலிருந்தே, "படத்தை எரிச்சது எரிச்சதுதான்" என்றார்.

இருவர் சொன்னதையும் அப்படியே எழுதிக்கொண்டேன். ஒன்றை விட்டு மற்றதை மட்டும் எழுத எனக்கு உரிமையில்லை.